வைன் டெலோரியா ஜூனியர் உண்மையில் என்ன படித்தார்?

கேள்வி இது: “அமெரிக்கப் பூர்வகுடிகள் ஆய்வு என்றாலே வைன் டெலோரியா ஜூனியர் பெயரைச் சொல்கிறார்கள். ஒரு இடத்தில் பேராசிரியர் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் வழக்கறிஞர், வேறொரு இடத்தில் இறையியலாளர். அவர் படித்தது என்ன? மானுடவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவரா?”

டாக்டர் பட்டம் வாங்கவில்லை. மானுடவியலும் அவர் துறையல்ல. முறையாகப் படித்து வாங்கிய பட்டங்கள் மூன்று. 1958இல் அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பொது அறிவியல். 1963இல் இல்லினாய்ஸ் மாநிலம் ராக் ஐலண்டில் அப்போது இருந்த லூத்தரன் குருமடத்தில் இறையியல். 1970இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் சட்டம். நீங்கள் பார்த்த மூன்று அடைமொழிகளுக்கும் ஏதோ ஓர் ஆதாரம் இருக்கிறது, அவ்வளவுதான்.

எந்தத் துறைக்கு அவர் பெயரைச் சொல்கிறோமோ அந்தத் துறையில் அவரிடம் ஒரு சான்றிதழும் கிடையாது. இருந்திருக்கவும் வழியில்லை. அந்த நாட்டில் மிக முந்தைய துறைகளில் ஒன்றான மினசோட்டா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கப் பூர்வகுடிகள் ஆய்வுத் துறை தொடங்கியதே 1969இல்தான். அதே வருஷம் டெலோரியாவின் முதல் புத்தகம் கடைக்கு வந்துவிட்டது. ஆகவே “என்ன படித்தார்” என்பதற்கு மூன்று வரியில் பதில் சொல்லிவிட்டுப் போனால் பாதி விஷயம் விட்டுப்போகும். வீட்டிலிருந்து தொடங்குகிறேன்.

1933 மார்ச் 26 அன்று தெற்கு டகோட்டாவில் மார்ட்டின் என்ற சிற்றூரில் பிறந்தார். பக்கத்திலேயே பைன் ரிட்ஜ் ரிசர்வேஷன். ரிசர்வேஷன் என்றதும் நமக்கு ரயில் டிக்கெட்டும் இடஒதுக்கீடும்தான் ஞாபகம் வரும். அங்கே அது நிலம்: உடன்படிக்கை போட்டு, பிறகு அந்த உடன்படிக்கையையே மீறி, சுருக்கிச் சுருக்கிப் பூர்வகுடிகளுக்கு மிச்சம் வைத்த நிலம். குடும்பம் யாங்க்டன் டகோட்டா வம்சம். நம் ஊர்ப் புத்தகங்களில் “சியூ செவ்விந்தியர்” என்று போட்டிருப்பார்களே, அந்தப் பெருங்குழுவில் ஒரு கிளை. பின்னாளில் அப்பா தன் பெயரையும் பிள்ளைகள் பெயரையும் ஸ்டாண்டிங் ராக் பழங்குடிப் பதிவேட்டுக்கு மாற்றிக்கொண்டதால், வைன் ஸ்டாண்டிங் ராக் சியூ என்றே அறியப்பட்டார்.

டெலோரியா என்ற பெயர் டகோட்டா பெயர் கிடையாது. தே லோரியே என்ற பிரெஞ்சுக் குடும்பப் பெயர் உருமாறி அப்படி ஆனது. கொள்ளுத்தாத்தா ஒரு பிரெஞ்சு வணிகருக்கும் யாங்க்டன் பெண்ணுக்கும் பிறந்தவர். பெயர் பிரான்சுவா, டகோட்டா நாக்கில் அது சாஸ்வே ஆயிற்று. அவர் மருத்துவச் சடங்குகள் செய்த புனிதர். அவர் மகன் டிப்பி சாப்பா, அதாவது கருங்கூடாரம், ஃபிலிப் என்று ஞானஸ்நானம் பெற்று எபிஸ்கோபல் (அமெரிக்காவின் ஆங்கிலிக்கன்) திருச்சபையின் பாதிரியார் ஆனார். அவர் மகனும் பாதிரியார். அவர்தான் வைன் டெலோரியா சீனியர். நியூயார்க் மாநிலத்தில் கல்லூரி, பிறகு நியூயார்க் நகரத்தில் குருமடம், அப்புறம் ரிசர்வேஷன் ரிசர்வேஷனாகத் திருச்சபை வேலை. சாஸ்வேயின் சடங்கு ஒருபுறம், இரண்டு தலைமுறைப் பாதிரிமார் மறுபுறம். கிறிஸ்தவத்தைப் பின்னாளில் அவ்வளவு நெருக்கமாகத் தெரிந்துகொண்டு விமர்சித்தவர் இந்த வீட்டிலிருந்துதான் வந்தார்.

சிறு வயதில் தன் மனதில் ஆழமாக நின்ற நிகழ்ச்சியாக அவரே எழுதியது ஊண்டட் நீ (Wounded Knee) என்ற இடத்துக்கு அப்பாவுடன் போனதை. 1890 டிசம்பர் 29 அன்று அமெரிக்கக் குதிரைப்படை லகோட்டா (சியூ பெருங்குழுவின் இன்னொரு கிளை) ஆண்கள், பெண்கள், குழந்தைகளைச் சுட்டுக் கொன்ற இடம் அது. வைன் பிறந்தபோது அது நடந்து 43 வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. தப்பிப் பிழைத்த சிலர் அந்த ஊர்களிலேயே நடமாடிக்கொண்டிருந்தார்கள். அப்பா மெதுவாக, மரியாதையாக, “அதோ, அவர் அன்றைக்கு அங்கே இருந்தவர்” என்று பையனுக்குக் காட்டுவாராம். வரலாற்றுப் பாடத்தை ஆள் காட்டிச் சொல்லித்தந்த அப்பா.

இந்த வீட்டில் இன்னொரு ஆள் உண்டு. இந்தக் கேள்விக்கு வைனைவிட அவர்தான் முக்கியம் என்றுகூட எனக்குத் தோன்றும். அப்பாவின் அக்கா எல்லா (Ella) டெலோரியா.

1889இல் பிறந்தவர் எல்லா. ஸ்டாண்டிங் ராக் ரிசர்வேஷனில் வாக்பாலா என்ற ஊரில் தன் அப்பா நடத்திய திருச்சபைப் பள்ளியில் படிப்பு. அது எந்தக் காலம் என்று யோசித்துப் பாருங்கள். 1879இல் பென்சில்வேனியாவில் கார்லைல் உறைவிடப் பள்ளி தொடங்கி, அந்த மாதிரியில் நாடெங்கும் பள்ளிகள் முளைத்துக்கொண்டிருந்தன. பிள்ளைகளின் தலைமுடியை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழி பேசினால் தண்டித்த பள்ளிகள். எல்லாவுக்கு வாய்த்தது வேறு. வீட்டில் டகோட்டா, சுற்றிலும் லகோட்டா, பள்ளியில் ஆங்கிலம். மூன்றும் கெடாமல் வளர்ந்தன. அப்புறம் ஒஹாயோவில் ஓபர்லின் கல்லூரி, அங்கிருந்து நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரி. 1915இல் இளநிலைப் பட்டம்.

கொலம்பியாவில் ஃபிரான்ஸ் போவாஸ் இருந்தார். அமெரிக்க மானுடவியலின் பிதாமகர். அவரிடம் ஜார்ஜ் புஷாட்டர் என்ற லகோட்டாக்காரர் எழுதி வைத்துப்போன கையெழுத்துப் பிரதிகள் இருந்தன. படித்துப் பொருள் சொல்லச் சரியான ஆள் இல்லை. ஆசிரியர் பயிற்சிக்கு வந்திருந்த மாணவிக்கு லகோட்டா தெரியும் என்று கேள்விப்பட்டு, மாதம் 18 டாலருக்கு அவரை வேலைக்கு வைத்துக்கொண்டார். எல்லாவுக்கு அது கொள்ளை மகிழ்ச்சி. தன் மொழியைப் படிப்பதற்குச் சம்பளமா!

இடையில் சில வருஷம் தொடர்பு விட்டுப்போனது. ஊருக்குத் திரும்பிய எல்லா, குடும்பத்தையும் பார்த்துக்கொண்டு, ஆசிரியை வேலையும் செய்தார். 1927இல் போவாஸ் மறுபடி தேடி வந்தார். அதிலிருந்து 1942இல் அவர் இறக்கும்வரை சேர்ந்து வேலை செய்தார்கள். 1932இல் டகோட்டா கதைத்தொகுப்பு, 1941இல் இருவர் பெயரிலும் டகோட்டா இலக்கணம். இலக்கணத்தின் அட்டையில் பெயர் வந்தது. ஆனால் முனைவர் பட்டமும் வரவில்லை, நிரந்தரப் பல்கலைக்கழக வேலையும் வரவில்லை. ஆராய்ச்சிக்குக் கிடைத்த சில்லறைத் தொகைகளில் காலம் ஓடியது.

ஒரே ஒரு காட்சி. எல்லா டெலோரியா கதை கேட்கப் போகும் வீடுகளுக்கு மாட்டிறைச்சியோ வேறு உணவோ வாங்கிக்கொண்டு போவார். அதற்குப் பணம் வேண்டும் என்று போவாஸுக்கு எழுதுகிறார். வெள்ளைக்கார ஆராய்ச்சியாளர் என்றால் நோட்டுப் புத்தகத்தை விரித்து, பேசியதற்கு மணிக் கணக்கில் காசு கொடுத்துவிட்டுப் போகலாம். எல்லாவால் அப்படிச் செய்ய முடியாது. அந்த வீட்டுக் கிழவர் அவருக்கு ஏதோ ஒரு முறையில் தாத்தா; அந்தப் பெண் ஏதோ ஒரு முறையில் அத்தை. வெறுங்கையோடு போனால் மரியாதை கெட்டது. மரியாதை கெட்டால் கதையும் கிடையாது. அத்தை வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டு போனால் என்ன பேச்சு கிளம்பும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இதை ஆராய்ச்சிச் செலவுக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது? இன்று பூர்வகுடிகள் ஆய்வில் “உறவின் பொறுப்பு” என்று பெரிய தலைப்பில் பாடமாக வைத்திருக்கிறார்கள். எல்லா அதை ஒரு துண்டு இறைச்சியில் செய்துவிட்டுப் போனவர்.

இந்த அத்தையின் பாடு தெரிந்து வளர்ந்தவர் வைன். மானுடவியலாளர்கள்மேல் அவருக்கு இருந்த கோபத்தைப் புரிந்துகொள்ள இது தேவை.

இப்போது வைனின் பள்ளிப் படிப்பு. தொடக்கப் பள்ளி மார்ட்டினிலேயே. உயர்நிலைக்குக் கனெக்டிகட் மாநிலத்தின் கென்ட் பள்ளி, 1951இல் முடித்தார். திருச்சபை சார்ந்த, பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் விடுதிப் பள்ளி. ஆனால் தரை துடைப்பது, சாப்பாடு பரிமாறுவது எல்லாம் மாணவர்களே செய்ய வேண்டும் என்பது அங்கே விதி. தெற்கு டகோட்டாவின் புழுதியிலிருந்து போன பாதிரியார் மகனுக்குத் தரை துடைப்பது புதுசாக இருந்திருக்காது. பக்கத்தில் நின்று துடைத்தவர்கள்தான் புதுசாக இருந்திருப்பார்கள்.

1954 முதல் 1956 வரை மரீன் படை. 1958இல் அயோவா ஸ்டேட் பட்டம். அறிவியல் படிப்பைப் பற்றி இந்த இடத்தில் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை, அதன் விளைவு ரொம்பப் பின்னால் வருகிறது.

அப்பாவையும் தாத்தாவையும் போலப் பாதிரியார் ஆகலாம் என்ற எண்ணத்தில்தான் ராக் ஐலண்ட் குருமடத்துக்குப் போனார். குடும்பச் சபை எபிஸ்கோபல். இவர் சேர்ந்தது லூத்தரன். பகலில் இறையியல் வகுப்பு, இரவில் வெல்டிங் வேலை, நாலு வருஷம். பட்டம் வாங்கினார், பாதிரியார் ஆகவில்லை. ஆனால் நாலு வருஷம் உள்ளே உட்கார்ந்து கிறிஸ்தவம் தன்னை எப்படி விளக்கிக்கொள்கிறது என்று கற்றுக்கொண்டது வீணாகவில்லை. 1973இல் அவர் எழுதிய சமயநூல் அந்த வகுப்பறைக்குப் பத்து வருஷம் கழித்துக் கொடுத்த பதில். அதன் மையக் கருத்து எளிமையானது: கிறிஸ்தவம் காலத்தை வைத்து யோசிக்கிறது, படைப்பு, மீட்பு, முடிவு என்று, பூர்வகுடிச் சமயங்கள் இடத்தை வைத்து யோசிக்கின்றன. இந்த மலை, இந்த ஆறு, இங்கே நடந்தது. ஊர் எல்லையில் நிற்கும் சாமியை வேறு ஊருக்குத் தூக்கிப்போனால் அது அந்தச் சாமியாக இருக்குமா என்று யோசித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

குருமடம் முடிந்ததும் டென்வரில் ஓர் உதவித்தொகை அமைப்பில் வேலை. பூர்வகுடிப் பிள்ளைகளைக் கிழக்குக் கரையின் பெரிய விடுதிப் பள்ளிகளில் சேர்த்துவிடுவது அதன் பணிகளில் ஒன்று; அதாவது, தான் போன வழியில் மற்றவர்களையும் அனுப்புவது. 1964இல் வயோமிங் மாநிலம் ஷெரிடனில் நடந்த மாநாட்டில் அமெரிக்க இந்தியர்களின் தேசியப் பேரவைக்குச் செயல் இயக்குநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வயது 31. பேரவை கடனில் மூழ்கிக் கிடந்தது. அவர் இருந்த மூன்று வருஷத்தில் உறுப்புப் பழங்குடிகள் 19இலிருந்து 156 ஆனது.

என்னைக் கேட்டால் அவருடைய உண்மையான முதுநிலைப் படிப்பு இந்த மூன்று வருஷம்தான். அதற்கு முந்தைய முப்பது வருஷத்தில் கற்றதைவிட இங்கே அதிகம் கற்றதாக அவரும் சொல்லியிருக்கிறார். 1953இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு தீர்மானம் போட்டிருந்தது: பழங்குடிகளுக்கும் மத்திய அரசுக்கும் உள்ள சிறப்பு உறவைப் படிப்படியாக முடித்துக்கொள்வது. கேட்க “சமத்துவம்” போல இருக்கும். நடைமுறையில் ரிசர்வேஷன் நிலம் கைவிட்டுப் போகும், உடன்படிக்கை செல்லாக்காசாகும். இதை எதிர்த்து வாஷிங்டனில் பேச வேண்டிய பழங்குடித் தலைவர்களுக்குத் தங்கள் சொந்த வக்கீல்கள் அரிதாகவே இருந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் ஏதோ ஒரு பழைய உடன்படிக்கையின் ஏதோ ஒரு வரி வந்து நிற்கும். அதைப் படித்துச் சொல்ல வெளியாளைத் தேட வேண்டும். சரி, நாமே சட்டம் படித்துவிடுவோம் என்று 1967இல் பதவியை விட்டுவிட்டுச் சட்டக் கல்லூரிக்குப் போனார். கல்யாணம் ஆகி, பிள்ளைகுட்டியோடு, முப்பத்து நாலு வயதில்.

படித்துக்கொண்டிருக்கும்போதே, 1969இல், “கஸ்டர் டைடு ஃபார் யுவர் சின்ஸ்” (உங்கள் பாவங்களுக்காகக் கஸ்டர் செத்தான்) என்ற புத்தகம் வந்தது. அதில் மானுடவியலாளர்களைப் பற்றிய அத்தியாயத்தைப் பிளேபாய் இதழ் வெளியிட்டது. (ஆமாம், அதே பிளேபாய்தான்.) கோடை பிறந்தால் ரிசர்வேஷனுக்கு மானுடவியலாளர்கள் வந்து இறங்குவதை, பறவைகள் வலசை வருவதை விவரிக்கிற மாதிரி, சிரிக்கச் சிரிக்க எழுதியிருப்பார். சிரிப்புக்குள் வைத்த கோரிக்கை கறாரானது. ஆய்வு செய்ய வருகிறவர் பழங்குடி மன்றத்திடம் அனுமதி கேட்க வேண்டும். ஆய்வுக்கு எவ்வளவு செலவழிக்கப் போகிறாரோ அதே தொகையை அந்தப் பழங்குடிக்கும் திரட்டித் தர வேண்டும். அத்தை இறைச்சிக்குக் கேட்ட காசை மருமகன் வட்டியும் முதலுமாகக் கேட்டார் என்று நான் சொல்வதுண்டு. மானுடவியல் சங்கம் மறு வருஷமே தன் ஆண்டு மாநாட்டில் இதற்கென்று ஓர் அமர்வு வைக்க வேண்டியதாயிற்று.

சட்டப் பட்டம் உடனே பயன்பட்டது. 1970இல் வாஷிங்டன் மாநிலத்தில் பெல்லிங்ஹாம் நகரக் கல்லூரியில் ஆசிரியர் வேலை. சுற்றுவட்டாரப் பழங்குடிகளுக்கு மீன்பிடி உரிமைச் சிக்கல். 1850களில் போட்ட உடன்படிக்கைகளில், வழக்கமான இடங்களில் குடியேறியவர்களுடன் “பொதுவாக” மீன் பிடிக்கும் உரிமை உண்டு என்று ஒரு தொடர். அந்தப் “பொதுவாக” என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதுதான் வழக்கு. 1974 பிப்ரவரியில் நீதிபதி போல்ட் தீர்ப்புச் சொன்னார்: பிடிக்கத்தக்க மீனில் பாதி வரை பழங்குடிகளுக்கு. அந்த வழக்கு வேலையில் டெலோரியாவுக்கும் பங்கு உண்டு. ஒரு சொல்லை எடுத்து நூறு வருஷத்துக்கு மேல் பின்னால் போய்ப் பொருள் தேடும் இந்த வேலை, அவர் அத்தை இலக்கணத்தில் செய்த வேலைக்கு ரொம்பத் தூரமில்லை.

அறிவியல் பட்டத்தின் கதைதான் சங்கடம். 1995இல் அவர் எழுதிய ஒரு புத்தகத்தில், அமெரிக்கக் கண்டத்துக்கு மனிதர்கள், ஒரு காலத்தில் ஆசியாவையும் அலாஸ்காவையும் இணைத்த பெரிங் நிலப்பாலம் வழியாக வந்தார்கள் என்பதையே மறுத்தார். அறிவியலாளர்கள் பூர்வகுடிகளின் வாய்மொழி மரபைக் காது கொடுத்துக் கேட்பதில்லை என்ற அவர் குறை நியாயமானது. ஆனால் அதற்காக உலகையே புரட்டிப்போட்ட பேரழிவுகள் பற்றிய கற்பனைகள் வரை போனதை என்னால் ஏற்க முடியவில்லை. தொல்லியலாளர்கள் கடுமையாகத் திட்டியதிலும் காரணம் இருந்தது. அவரை மதிப்பவர்கள் பலர் இந்தப் புத்தகத்தைப் பேசாமல் தாண்டிப்போவார்கள். நீங்கள் எழுதுவதானால் தாண்டாதீர்கள்.

1978இல் அரிசோனா பல்கலைக்கழகத்துக்கு அரசியல் அறிவியல் பேராசிரியராகப் போனார். அங்கேதான் 1982இல், அமெரிக்க இந்தியர் ஆய்வில் அந்த நாட்டின் முதல் முதுநிலைப் படிப்பைத் தொடங்கினார். தன்னிடம் இல்லாத பட்டத்தை மற்றவர்களுக்குக் கொடுத்தார் என்று சொன்னால் தப்பில்லை. பாடத்திட்டத்தின் சாய்வும் அவருடையதுதான்: சட்டம், கொள்கை, உடன்படிக்கை, பழங்குடி ஆட்சி. 1997இல் அதே பல்கலைக்கழகம் முனைவர் பட்டத்தையும் ஆரம்பித்தது. அவர் 1990இலேயே கொலராடோவுக்கு மாறியிருந்தார். 2000 வரை அங்கே பாடம் நடத்தினார்.

இந்தத் துறையின் மற்ற பெரிய பெயர்களையும் பாருங்கள், பெரும்பாலும் பக்கத்துக் கதவு வழியாக வந்தவர்கள். நியூசிலாந்தின் மாவோரி அறிஞர் லிண்டா துஹிவாய் ஸ்மித் கல்வியியல். பொட்டவட்டோமி இனத்தவரான ராபின் வால் கிம்மரர் தாவரவியல், அதிலும் பாசி. நம் நாட்டில் ராஞ்சிப் பக்கத்து முண்டா சமூகத்தின் ராம் தயாள் முண்டா சிகாகோவில் மொழியியல் ஆய்வு செய்து, மினசோட்டாவில் பாடம் நடத்திவிட்டு, ஊர் திரும்பி ராஞ்சிப் பல்கலைக்கழகத்தில் பழங்குடி மொழிகளுக்கான துறையைக் கட்டினார்.

டெலோரியாவின் மகன் ஃபிலிப்புக்கு வந்தபோது கதவு திறந்திருந்தது, ஆனாலும் அவரும் நேராக நுழையவில்லை. கொலராடோவில் முதலில் படித்தது இசைக்கல்வி, அப்புறம் இதழியல். அதற்குப் பிறகுதான் யேலில் அமெரிக்க ஆய்வில் முனைவர் பட்டம், 1994இல். 2018இல் ஹார்வர்டில் பூர்வகுடி வரலாற்றுக்கு நிரந்தரப் பேராசிரியர் ஆனார், அங்கே அந்தப் பாடத்துக்கு முதல் ஆள்.

கடைசியாக, வைன் டெலோரியா ஜூனியரின் பெயருக்கு முன்னால் “டாக்டர்” போட்டு எழுதலாமா என்றும் சந்தேகம் வரலாம். சில கல்லூரிகள் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்திருக்கின்றன, ஆகவே எங்காவது அப்படி இருந்தால் அது காரணம். 2004இல் கொலராடோ பல்கலைக்கழகமும், அதாவது அவர் சட்டம் படித்து, பத்து வருஷம் பாடமும் நடத்திய இடம், கௌரவப் பட்டம் தர முன்வந்தது. பல்கலைக்கழகக் கால்பந்து அணியைச் சுற்றி எழுந்த பாலியல் புகார்களை நிர்வாகம் கையாண்ட விதம் பிடிக்கவில்லை என்று வேண்டாமென்றுவிட்டார். மறு வருஷம் நவம்பரில் இறந்தார்.